நிற்கும் கோடு

ஒக்ரோபர் 3

ரொறன்ரோ மாமாவின் பழைய பக்மான் வீடியோ விளையாட்டுப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றியபோது, உயரழுத்தம் தரும் பிளைபாக் நிலைமாற்றிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையில் குளவி நான்கு மண்கூடுகளைக் கட்டி வைத்திருந்தது. படக்குழாயான ரியூப்பில் தங்கியிருக்கக்கூடிய மின்னைச் சட்டத்துக்கு இறக்கிய பின்னர், ஈர்க்கால் கூட்டை உடைத்துத் தூரிகையால் தட்டி எடுக்கவே ஒரு மணித்தியாலம் சென்றுவிட்டது. இது கனடாவின் எலெக்ட்ரோஹோம் நிறுவனம் செய்த ஜி07 என்னும் 19 அங்குல மொனிற்றர். பரந்தனில் ஓடுவதற்கு 230 வோல்ட்டை 120 ஆக இறக்கும் படிகுறை நிலைமாற்றி ஒன்றை முன்னரே சுற்றி வைத்திருந்தேன். மின்னைக் கொடுத்ததும் பக்மானின் ஆரம்ப இசை தெளிவாகக் கேட்டது. கண்ணாடியிலோ மேலிருந்து கீழாக, நூல் பிடித்தாற்போல் ஒரே ஒரு ஒளிக்கோடு நின்றது. அதை அப்படியே விட்டால் கண்ணாடியின் உட்புற ஒளிப்பூச்சான பொஸ்பரை எரித்துவிடும் என்பதால் உடனே பிரகாசத்தைக் குறைத்தேன்.

இதைத் திருத்தி முடிக்க மாமாவிடம் பத்து நாள் கேட்டிருக்கிறேன்.

ஒக்ரோபர் 5

கோடு நிற்கிறது என்றால் மின்கற்றை பக்கவாட்டில் அசையவில்லை என்று பொருள். அசையாததற்குக் கிடை விலகல் பகுதியே காரணம் என்று முடிவு செய்துகொண்டு இரண்டு நாளையும் அதற்குள்ளேயே செலவழித்தேன். வெளியீட்டுத் திரான்சிற்றரைக் கழற்றி அளந்தேன். அது நன்றாக இருந்தது. பிளைபாக்கைச் சுற்றியுள்ள இருவாயிகளையும் தடையிகளையும் ஒவ்வொன்றாக ஒரு முனை தூக்கி அளந்தேன். அவையும் நன்றாகவே இருந்தன. உயரழுத்தத்தைப் பிறப்பிப்பதும் இதே பகுதிதான் என்பதால், அது செத்திருந்தால் கண்ணாடியில் ஒளியே வந்திருக்கக் கூடாது. இதை நான் அறியாதவனல்லன். ஆனாலும், கற்றையை வளைக்கும் சுருள்களான யோக்கின் கிடைச் சுருள் அறுந்திருக்கலாம் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மருமகன் வந்து பக்கத்தில் நின்று, "மாமா, கீ எண்டு கூவுது, உங்களுக்குக் கேக்கேல்லையோ?" என்றான். எனக்குக் கேட்கவில்லை. கிடை விலகல் பகுதி செக்கனுக்கு ஏறத்தாழ 15,750 தடவை அடிக்கும். அந்தக் கூவலைப் பிள்ளைகளின் காது பிடிக்கும். சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட காலத்தில், ஜெனரேற்றரில் ரி.வி. போட்டால் மதிலுக்கு அப்பால் நின்றே எனக்கு அது தெரியும். இப்போது பதின்மூன்று வயதுக் காது ஒன்றை இரவல் வாங்க வேண்டியிருக்கிறது.

சுருளையும் அளந்தேன். அது அறுந்திருக்கவில்லை.

ஒக்ரோபர் 6

மாமி இன்றும் அழைக்கவில்லை.

ஒக்ரோபர் 7

எவருக்கும் சொல்ல வெட்கமாக இருப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். பலகையில் அச்சிட்டிருந்த எழுத்துகளை வாசிப்பதற்காகத் தலையைச் சரித்தேன். சரித்த தலையோடு முன்னால் வந்து கண்ணாடியைப் பார்த்தபோது கோடு படுத்திருந்தது.

பக்மானின் சந்துகள் அகலத்தைவிட உயரத்தில் கூடியவை. அதற்காகவே இந்த மொனிற்றரைத் தொழிற்சாலையில் 90 பாகை திருப்பிப் பக்கவாட்டில் பொருத்தியிருக்கிறார்கள். நமக்கு நிற்பதாகத் தெரியும் கோடு ரியூப்புக்குக் கிடையானது. ஆகவே, கிடை விலகல் சரியாகவே ஓடிக்கொண்டிருக்க, படுத்துப்போனது நிலைக்குத்து விலகல் பகுதியாகும். கண்ணாடியில் எரிந்து பதிந்த அந்தச் சந்துகள், மின் இல்லாதபோதும், முதல் நாளிலிருந்து நிமிர்ந்து நின்று இதைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. இத்தனை வருடம் ரி.வி. திருத்திய கைக்கு, பெட்டி என்றால் அகலமாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஊறிவிட்டது.

ஒக்ரோபர் 8

யோக்கின் வயர் வந்து செருகும் முளையைச் சுற்றி, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் மட்டும் தெரியும் மயிர்க்கோடு போன்ற வட்ட வெடிப்பு ஒன்று ஈயத்தில் இருந்தது. முளையை விரலால் தள்ளினால் ஈயம் அசையாமல் முளை மாத்திரம் ஆடியது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்தபோது படம் விரிந்தது. ஆனால் வலப்பக்கத்தில் வரிகள் மடிந்து நெருங்கியிருக்கின்றன. ஓரங்களும் நில்லாமல் நடுங்குகின்றன. மடிப்புக்கு நிலைக்குத்துப் பகுதியின் உலர்ந்த கொள்ளளவிகளும், நடுக்கத்துக்கு மின்வழங்கலின் பெரிய வடிகட்டிக் கொள்ளளவியும் காரணமாக இருக்க வேண்டும். நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட சாமான் வேறென்ன செய்யும்?

இரவு மாமாவே அழைத்தார். குரல் மெலிந்திருந்தது. "என்னடா, படம் விரிஞ்சிட்டுதோ?" என்றார். நடுக்கத்தைச் சொன்னேன். ரொறன்ரோவில் கடைசிக் காலத்தில் ஒரு நிழல் ஆறுதலாகப் பக்கவாட்டில் ஊர்ந்து போகும் என்றும், நடுக்கம் இருந்ததில்லை என்றும் சொன்னார். அங்கே மின்னும் 60 ஹேர்ட்ஸ், படமும் அதற்குக் கிட்ட. ஆதலால் நிழல் மெல்ல நகர்ந்திருக்கும். இங்கே மின் 50 என்பதால் அதே குறை நடுக்கமாகிறது. இதை அவருக்கு விளங்கப்படுத்தத் தொடங்கியபோது மாமி கைபேசியை வாங்கிவிட்டார்.

ஒக்ரோபர் 10

கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவுக்குச் சொல்லிவிட்ட சாமான் வரவில்லை.

ஒக்ரோபர் 12

மழையோடு பொதி வந்தது. வடிகட்டிக்கு 200 வோல்ட் தாங்குவதைக் கேட்டிருக்க, 160 தாங்குவதை அனுப்பியிருக்கிறார்கள். வோல்ட்டை நிலைநிறுத்தும் சீராக்கியைக் கடந்த பின்னர் 120 வோல்ட்தான் இருக்கும் என்று கடைக்காரர் தொலைபேசியில் வாதாடினார். ஆனால் இந்தக் கொள்ளளவி சீராக்கிக்கு முன்னால் இருப்பது. 120 வோல்ட் ஆடலோட்டத்தை இருவாயிகளால் நேரோட்டமாக்கினால் உச்சம் 170 வரை ஏறும். போட்டால் வெடிக்கும். பத்து நாளைக் கேட்டவன் நான். அவருக்கு அது தெரியாது.

ஒக்ரோபர் 15

200 வோல்ட்டினது வந்தது. அதை முதலில் மாற்றி, பின்னர் நிலைக்குத்துப் பகுதியின் கொள்ளளவிகளை, ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போட்டு, முனை மாறாமல் ஒவ்வொன்றாக மாற்றினேன். தொடரில் 60 வாற்று பல்ப் ஒன்றை இணைத்து மின்னைக் கொடுத்தபோது பல்ப் ஒருமுறை பளிச்சிட்டு மங்கியது, குறுஞ்சுற்று இல்லை. பல்பை நீக்கி, ஒரு கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மறுகையால் சீராக்கியின் திருகியை 120 வரை கொண்டுவந்து நிறுத்தினேன். மடிப்பும் இல்லை, நடுக்கமும் இல்லை. எரிந்து பதிந்த சந்துகளின் மேல் புதிய நீலச் சந்துகள் மயிரளவு விலகி நின்றன. மையப்படுத்தியதும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. மருமகன் 244 புள்ளிகளையும் தின்று முதல் கட்டத்தை முடித்தான்.

காணொளி எடுத்து அனுப்பினேன். இன்னும் பார்க்கப்படவில்லை.

ஒக்ரோபர் 16

இப்போது அழைக்க வேண்டாம் என்று மாமி எழுதியிருக்கிறார். மாலை ஆறு மணிக்குப் பெட்டியைப் போட்டு வைத்தேன். அங்கே காலை எட்டரை. ஏழு மணிக்கு அணைத்தேன்.

ஒக்ரோபர் 17

பச்சை சற்றுத் தூக்கலாக இருக்கிறது. ரியூப்பின் கழுத்தில் செருகிய பலகையில் அதற்குரிய திருகியை நாளை கால் சுற்றுக் குறைத்துப் பார்க்க வேண்டும்.