நிழலுக்கு முதலிடம்: சயானில் நான் எடுத்த தன்னுருவப்படங்கள்

தன்னைத் தானே படமெடுக்க முயல்பவருக்கு வரும் முதல் சிக்கல், கேமராவின் பின்னால் நின்று பார்க்க ஆளில்லை என்பதுதான். 1839இல் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கார்னீலியஸ் எடுத்துக்கொண்ட படம் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தன்னுருவப் புகைப்படங்களுள் ஒன்று. அதில் அவர் நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் தெரிகிறார். லென்ஸ் எதைப் பார்க்கிறது என்று சரிபார்க்க அவருக்கும் ஆளில்லை. மும்பை சயான் கோலிவாடாவில் எங்கள் ஒன் ரூம் கிச்சன் வீட்டில், ஃபோர்ட்டின் போரா பஜார் தெருவில் வாங்கிய பழைய கேமராவையும் 50 மி.மீ. லென்ஸையும் வைத்துக்கொண்டு நான் இதில் இறங்கியபோது, முதலில் தீர்க்க வேண்டியிருந்ததும் இதுவேதான்.

இதில் நான் இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. திருமணம், பாஸ்போர்ட், மகளின் பள்ளி அனுமதி என்று எதற்காகப் படமெடுக்கப் போனாலும், என் நிறத்தைக் கேட்காமலேயே இரண்டு படி வெளுக்க வைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். என் முகம் என் நிறத்திலேயே, அதன் மேடுபள்ளங்களோடு ஒரு படத்திலாவது இருக்க வேண்டும் என்று விரும்பினேன். கருத்த தோலுக்கு வடிவத்தைக் கொடுப்பது நிழலும், அந்த நிழலின் ஓரத்தில் படரும் மெல்லிய பளபளப்பும்தான் என்பதை இந்த வேலையில்தான் கண்கூடாகப் பார்த்தேன்.

ஃபோகஸ் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஏபிஎஸ்-சி என்ற அளவில் சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) உள்ள என் கேமராவில், 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகும்) முழுதாகத் திறந்து, ஒன்றரை மீட்டர் தொலைவில் உட்கார்ந்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 6 செ.மீ. மட்டுமே. முகத்தை 45 பாகை திருப்பினாலே ஒரு கண் மற்றதைவிட 4 செ.மீ.க்கு மேல் பின்னால் போய்விடுகிறது. மூச்சு விடும்போது தலை சிறிது அசைவதையும் சேர்த்துக்கொண்டால் அந்த 6 செ.மீ. எதற்கும் போதாது. எஃப் 5.6இல் அதே ஆழம் 19 செ.மீ. அளவுக்கு விரிகிறது. பின்னணி மங்கலாகக் கரைந்து போவது அழகுதான் என்றாலும், தனியாக எடுப்பவர் எஃப் 4க்கும் 5.6க்கும் இடையில் நிற்பதே நல்லது என்பது என் கருத்து. பின்னணியை இருட்டாலேயே மறைத்துவிடலாம். அதற்கு லென்ஸைத் திறந்துவைக்கத் தேவையில்லை.

முகம் இருக்கப்போகும் இடத்தில் ஃபோகஸ் வைப்பதற்குத் தினசரி காலண்டரின் தாள் ஒன்றைப் பயன்படுத்தினேன். துணி காயப்போடும் கொடியில் என் கண் உயரத்துக்கு அதைக் கிளிப்பால் தொங்கவிட்டு, கேமராத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, தேதி எண்ணின் விளிம்பு கூர்மையாகத் தெரியும்வரை வளையத்தைக் கையால் திருப்பினேன். பிறகு லென்ஸின் பொத்தானை மேனுவலிலேயே விட்டுவிட வேண்டும். ஆட்டோவில் இருந்தால் ஷட்டரை அழுத்தும் நேரத்தில் கேமரா வேறொன்றைத் தேடிப் போய்விடும். அதிலும் இருட்டான பக்கத்தில் உள்ள கண்ணைப் பிடிக்க அது மிகவும் தடுமாறுகிறது. அடுத்து, டிரைபாடின் தலையில் ஒரு பூக்கட்டும் நூலைக் கட்டி, தாள் இருந்த தொலைவில் அதில் ஒரு முடிச்சுப் போட்டேன். தாளை எடுத்துவிட்டு உட்கார்ந்த பின், நூலை இழுத்து முடிச்சு வெளிச்சப் பக்கத்துக் கண்ணின் ஓரத்தைத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டு நூலைக் கீழே விடுவேன். பத்து வினாடி டைமரில் அந்தத் தொலைவைக் காப்பாற்றுவது கடினம் என்பதால், சிறிய ரிமோட் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

வெளிச்சத்துக்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு சன்னல், வடக்குப் பார்த்தது. வடக்குச் சன்னலில் நேர்வெயில் வராது, நாள் முழுவதும் சீரான ஒளி கிடைக்கும் என்பது ஐரோப்பிய ஓவியக் கூடங்களிலிருந்து வந்த பாடம். மும்பைக்கு அது முழுதாகப் பொருந்தாது. இந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 19 பாகை வடக்கில்தான் இருக்கிறது. மே நடுவிலிருந்து ஜூலை பிற்பகுதிவரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே போய்விடுகிறது. மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர்வரை காலையிலும் மாலையிலும் சாய்வெயில் வடக்குச் சன்னலுக்குள் எட்டிப் பார்க்கும். ஆனால் அந்த மாதங்களின் பாதியை மழை எடுத்துக்கொள்கிறது என்பது படமெடுப்பவருக்குப் பெரும் பேறு. மேகம் மூடிய வானம் முழுவதும் ஒரே விளக்காகிவிடுவதால், நிழலின் விளிம்பு கோடாக விழாமல் படிப்படியாகக் கரைகிறது. வெயில் உள்ள நாட்களில் வெள்ளை வேட்டி ஒன்றைச் சன்னலில் கட்டிவிடுவேன். ஒளி வரும் பரப்பு பெரிதாகவும் அருகிலும் இருக்க இருக்க நிழல் மென்மையாகும். கன்னத்து எலும்பிலும் மூக்கின் மேட்டிலும் விழும் பளபளப்பு புள்ளியாகக் கூசாமல் அகலமாகப் பரவும். கருத்த முகத்தின் வடிவம் முழுவதையும் அந்தப் பளபளப்பே எடுத்துச் சொல்கிறது. ஆகவே நான் பவுடர் போட்டு அதைக் கொல்லவில்லை.

சன்னல் ஒளி பக்கவாட்டில் மட்டும் வந்ததால் மூக்கின் நிழல் கன்னத்தில் கிடைமட்டமாக நீண்டு கிடந்தது. ஒளி சற்று மேலிருந்து வரவேண்டும். சன்னலை உயர்த்த முடியாது என்பதால், ஸ்டூலை விட்டுவிட்டுத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, சன்னலின் கீழ்ப்பாதியை அட்டையால் மறைத்தேன். உடனே மூக்கின் நிழல் சாய்வாக இறங்கிக் கன்னத்து நிழலோடு சேர, இருண்ட பக்கத்துக் கண்ணின் கீழே சிறிய முக்கோணமாக ஒளி தங்கியது. டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் ரெம்பிராண்ட் ஒளி என்று புகைப்படக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

அத்தை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஏளா, பாதி மூஞ்சி இருட்டாக் கெடக்கே, லைட்டப் போட்டுக்கிட்டு எடுத்தா என்ன?" என்று கேட்டார். "லைட்டப் போட்டா மூஞ்சி சப்பையாப் போயிரும் அத்தை" என்றேன். டியூப்லைட் கூரையிலிருந்து எல்லாப் பக்கமும் ஒளியைத் தெளித்து நிழலை அழித்துவிடும். அதன் நிறமும் சன்னல் ஒளியின் நிறமும் ஒன்றல்ல என்பதால் முகத்தில் இரண்டு வண்ணம் கலந்து விழும்.

வண்ணம் வேறொரு வழியிலும் வந்தது. எங்கள் சுவர் பிஸ்தா பச்சை. சன்னலுக்கு எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பிய ஒளி, நிழல் பக்கத்துக் கன்னத்தில் பச்சையாகப் படிந்தது. வெள்ளைத் தெர்மோகோல் பலகையை வைத்துப் பார்த்தேன். பச்சை போனது, கூடவே நிழலும் வெளிறிப் போனது. கறுப்புக் குடையை விரித்து நிழல் பக்கத்தில் தோளுக்கு அருகே சாய்த்து வைத்ததும், சுவரிலிருந்து வந்த ஒளி தடுக்கப்பட்டு, தாடையின் கோடு இருட்டுக்குள் அழுத்தமாக இறங்கியது. நிழலைக் குறைப்பதற்குத்தான் எல்லோரும் கருவிகளை விற்கிறார்கள். நிழலைக் கூட்டுவதற்கு ஒரு குடை போதுமானதாக இருந்தது.

கேமராவின் ஒளிமானி காட்சியை நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். கருத்த முகமும் இருண்ட பின்னணியும் சேர்ந்தால் அது எல்லாவற்றையும் வெளுக்க வைக்கும். ஸ்டுடியோக்களில் எனக்கு நேர்ந்ததில் ஒரு பங்கு இந்த இயந்திரப் பழக்கத்தாலும் இருக்கலாம். எனவே எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு ஸ்டாப் (பாதியாக) குறைத்து, கன்னத்துப் பளபளப்பில் தோலின் நுண்மை அழியாமல் இருக்கிறதா என்பதை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

கடைசியில் எனக்கு மிகவும் பிடித்தது, ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள, ரெம்பிராண்ட் 1628 அளவில் தம்மையே வரைந்த ஓவியத்தை நினைத்து எடுத்த படம். அந்த ஓவியத்தில் ஒளி கன்னத்திலும் காது மடலிலும் கழுத்திலும் மட்டும் விழ, கண்கள் நிழலுக்குள் இருக்கும். நான் சன்னலுக்குச் சற்று முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதருகே உள்ள முடிக்கற்றையில் ஃபோகஸை வைத்தேன். கண் கூர்மையாக இருந்தே ஆகவேண்டும் என்ற விதியை அந்தப் படத்தில் நான் பின்பற்றவில்லை. ஒளி எங்கே இருக்கிறதோ கூர்மையும் அங்கே இருப்பது அதற்குப் பொருந்தியது.

அச்சுக்குக் கொடுக்கும்போது கடையின் தானியங்கித் திருத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள். இல்லையெனில் அவர்களின் இயந்திரம் நிழலை மறுபடியும் வெளுக்க வைக்கும். திரையில் தெரியும் இருட்டு தாளில் இன்னும் கறுத்துவிடும் என்பதால், நிழல் பகுதியை மட்டும் சிறிது தூக்கி, 4க்கு 6 அங்குலத்தில் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு, பிறகே பளபளப்பில்லாத மேட் தாளில் 8க்கு 12 போடச் சொன்னேன். கடைக்காரர் "கொஞ்சம் பிரைட் பண்ணட்டுமா?" என்று இரண்டு முறையும் கேட்டார். வேண்டாம் என்று இரண்டு முறையும் சொன்னேன்.