அபார்ட்மென்ட் வளாகத்தில் நினைவுத் தோட்டம்: பெயர் கல்லில், செடி பொதுவில்

இறந்தவர்கள் நினைவாக நாட்டுச் செடித் தோட்டம் போடலாம் என்று பேச்சு எழுந்தால், முதல் கூட்டத்திலேயே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்: ஆளுக்கு ஒரு செடி கிடையாது. செடி என்றால் பட்டுப்போகும். அம்மா பேரில் வைத்தது காய்ந்தால் அந்த வீட்டுக்கு அது இரண்டாவது துக்கம். பெங்களூரில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் இதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் மண்வெட்டியைத் தொட்டோம்.

அடுத்தது இடம். கீழே பேஸ்மென்ட் பார்க்கிங் இருந்தால் அது தரையே அல்ல, கான்கிரீட் கூரை. மேலே ஒன்றரை, இரண்டு அடி மண்தான் இருக்கும். அங்கே மரம் வைத்தால் வேர் வாட்டர்ப்ரூஃபிங்கைக் கிழிக்கும், காற்றடித்தால் மரமும் சாயும். அந்தப் பகுதிக்கு வெட்சி, ஆவாரை, தும்பை போதும். மரத்துக்குச் சுற்றுச்சுவர் ஓரத்து நிஜத் தரையைத் தேடுங்கள். ஏற்கெனவே அங்கே நிற்கும் மரத்தை எடுக்க நினைத்தால், 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும். முடிந்தவரை அதைச் சுற்றியே தோட்டத்தை அமையுங்கள்.

தோண்டினால் பாதிக்குப் பாதி கட்டட இடிபாடு வரும். சிமென்ட் துண்டு கிடக்கும் மண்ணில் சுண்ணாம்பு ஏறி, வெட்சியின் இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்றது மஞ்சளாகிவிடும். மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாததுதான் காரணம். உரம் போட்டுப் பயனில்லை, மண்ணையே மாற்ற வேண்டும். மரத்துக்கு மூன்றடிக் குழி, புதருக்கு ஒன்றரை அடி. செம்மண் இரண்டு பங்குக்கு மக்கிய எரு ஒரு பங்கு. நிரப்பும் முன் குழியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் நின்றால் அங்கே மரம் வேண்டாம்.

நர்சரியில் பார்த்து வாங்க வேண்டும். அசோகம் கேட்டால் நெட்டிலிங்கத்தைத் தூக்கிக் கொடுப்பார்கள். நாகலிங்கமும் ஈழத்தலரியும் கோயிலில் நிற்பதால் நம்மூர்ச் செடி என்று பலரும் கேட்பார்கள்; இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. எங்கள் தேர்வு மகிழம், புங்கம், பவழமல்லி, நொச்சி. மகிழம் மெதுவாகத்தான் வளரும், ஆனால் உதிர்ந்து காய்ந்த பூவிலும் வாசம் போகாது. புங்க இலையில் கொப்புளம் கொப்புளமாக வந்தால் பதற வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வேலை அது, மரம் சாகாது. அரளியும் செங்காந்தளும் விஷம். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வைக்காதீர்கள்.

ஆறடி மரக்கன்றைவிட இரண்டு, மூன்றடிக் கன்று சீக்கிரம் பிடிக்கும். கறுப்புக் கவரைக் கிழித்ததும் அடியில் வேர் வளையம் வளையமாகச் சுற்றியிருந்தால், அதை வெட்டிப் பிரித்துவிட்டு நடுங்கள். அப்படியே நட்டால் சில வருடங்களில் தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்ளும். நடுவது ஜூன் மழை தொடங்கியதும்.

அஸ்தி விஷயத்தில் கறாராக இருக்க வேண்டியிருக்கும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியின் பச்சிம வாகினித் துறையில் கரைத்துவிட்டு, ஒரு கைப்பிடியை மரத்தடியில் போடக் கேட்பார்கள். அஸ்தியில் காரத்தன்மையும் உப்பும் அதிகம். இளங்கன்றின் குழியில் கொட்டினால் வேர் கருகும். ஒரு கைப்பிடிக்கு ஒரு பாண்டுச் சட்டி எரு கலந்து, வளர்ந்த மரத்தின் நிழல் விளிம்பில் பரப்பச் சொல்லுங்கள்.

பெயர் பொறிக்கச் சாதரஹள்ளிக் கல் என்னும் சாம்பல் நிற கிரானைட், இரண்டங்குலக் கனம். தரையோடு படுக்க வைத்தால் எழுத்தில் சேறு அடையும், கொஞ்சம் சாய்த்துப் பதியுங்கள். பெயிண்ட் எழுத்து மழையில் உரிந்துபோகும், செதுக்குவதே நல்லது. செதுக்குபவருக்குத் தமிழ் தெரியாது என்றே வைத்துக்கொண்டு, நிஜ அளவில் அச்சிட்ட தாளைக் கொடுங்கள். எழுத்து வடிவில் வெட்டிய ஸ்டிக்கரைக் கல்லில் ஒட்டி, மணலைப் பீய்ச்சித்தான் செதுக்குவார்கள்; பீய்ச்சும் முன் அந்த ஸ்டிக்கரை நேரில் போய்ப் பாருங்கள். புள்ளிக்கான குட்டிப் பொட்டுகளை உரிக்காமல் விட்டால் ‘கண்ணன்’ ‘கணணன’ ஆகிவிடும். கல்லில் திருத்தம் கிடையாது.

பெஞ்சு ஒன்றரை அடி உயரம், கைப்பிடியோடு. முட்டி வலிக்காரர் எழுந்திருக்க வேண்டுமே. பாதை நாலடி அகலம் இருந்தால் வீல்சேர் போகும்.

தண்ணீர்தான் பெரிய தலைவலி. 2024 கோடையில் தோட்டத்துக்குக் குடிநீர் விட்டால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. எஸ்டிபி தண்ணீரை, அதாவது வளாகத்தில் சுத்திகரித்த கழிவுநீரை, நம்பினால் அதில் உப்பு. இலை ஓரம் கருகினால் அதுதான். மழைநீர்த் தொட்டியிலிருந்து அவ்வப்போது நிறைய விட்டு உப்பை இறக்குங்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை கன்றுக்கு வாரம் இரண்டு முறை பத்து லிட்டர், இரண்டு கோடை. தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி, சருகு மூடாக்கு மூன்றங்குலம்.

அந்தச் சருகைத்தான் தோட்ட வேலைக்கு வருபவர் தினமும் கூட்டி அள்ளுவார். தும்பையைக் களை என்று பிடுங்குவார், புழுவைக் கண்டால் மருந்தடிப்பார். வண்ணத்துப்பூச்சி எங்கிருந்து வரும்? கூட்டாதே, பிடுங்காதே, அடிக்காதே என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் சேர்த்து, கன்னடத்திலும் இந்தியிலும் செடிகளின் படத்தோடு சாமான் அறைக் கதவில் ஒட்டுங்கள். ஏஜென்சி ஆள் மாறும்போதெல்லாம் புதியவரை ஒருமுறை தோட்டத்தைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவும் வேண்டும்.