வெறுங்காலோடு ஓடலாமாம்

400 மீட்டர் முடிவுத் தாளில் எங்கள் பையனின் செஸ்ட் நம்பருக்கு நேரே டி.என்.எஸ். என்று போட்டிருக்கிறார்கள். ஓட வரவில்லை என்று அர்த்தம். விடிகாலை நாலு மணிக்கே என்னோடு வண்டி ஏறியவன் அவன். துப்பாக்கி வெடித்தபோது கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், என் பக்கத்தில், கையில் ஒற்றை ஷூவோடு நின்றுகொண்டிருந்தான். மூன்று நாளாகியும் எனக்கு ஆறவில்லை.

நான் விளையாட்டு ஆசிரியர் இல்லை. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் தமிழ்த் துறையில் கெஸ்ட் லெக்சரர். விளையாட்டுக்கு இருந்தவர் போய் ஒரு வருஷமாகிறது, ஆள் போடவில்லை. பெண் பிள்ளைகள் போவதால் டீம் மேனேஜராகப் பெண் ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்றார்கள். மீட்டிங்கில் தலையைக் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது நான்தான். என் பெயரைப் போட்டுவிட்டார்கள்.

பாலக்காடு என்றாலே ஓட்டக்காரர்களின் ஊர் என்று வெளியே பேச்சு. முண்டூர் பி.யு. சித்ரா 2017இல் புவனேஸ்வரத்தில் 1500 மீட்டரில் ஆசியத் தங்கம் வாங்கினார். நீளம் தாண்டுகிற ஸ்ரீசங்கர் 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். எல்லாம் சரி. அது நகரமும் அதற்கு அந்தப் பக்கமும். கிழக்கே எங்கள் சித்தூர் தாலுகாவில் பனையும் தென்னையும் காற்றும்தான். எங்கள் மைதானத்தில் மத்தியானம் ஆடு மேயும்.

நாங்கள் போனதும் பெரிய தடகள மீட் இல்லை. ஐந்நூறு, அறுநூறு பேர் படிக்கிற கல்லூரிகளுக்கென்றே நடத்துவது. சின்ன மீட்டாயிற்றே, காகிதமும் குறைவாக இருக்கும் என்று நினைத்தேன்.

எட்டுப் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் தகுதிப் படிவம், போட்டோ, வயதுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், கல்லூரி அடையாள அட்டையின் நகல். பிரின்சிபால் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார், ஆபீசில் சீல் அடித்தார்கள். இரண்டு பஸ் மாறி மூன்றரை மணி நேரம் போய் மேஜையில் வைத்தால், அங்கே இருந்தவர் முதல் தாளைப் பார்த்துவிட்டு, "சீல் எவிடெ?" என்றார். நான் சீலைக் காட்டினேன். "இது காலேஜ் சீல். பிரின்சிப்பாலின்டெ சீல் எவிடெ?" வட்ட சீல் கல்லூரியுடையது. பிரின்சிபால் என்ற பதவிப் பெயரோடு நீளமாக இருக்கிறதே, அது வேறு. இரண்டும் வேண்டுமாம். படிவத்தில் எங்கேயும் அப்படி இல்லை. பெட்டிபோல ஒரு கட்டம் மட்டும் இருக்கிறது, உள்ளே 'சீல்' என்று ஒற்றைச் சொல். திரும்பி வந்தேன்.

மறுபடி போனேன். இந்தத் தடவை நீள சீலைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த தாளைத் திருப்பினார். நீளம் தாண்டுகிற பெண்ணின் படிவம். அவள் வீடு கேரளத்தில், பத்தாவது வரை படித்தது கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம். அவள் பெயரில் ழ இருக்கிறது. தமிழ்நாட்டுச் சான்றிதழில் ஆங்கிலத்தில் அந்த ழவுக்கு எல் போட்டிருக்கிறார்கள். எங்கள் கல்லூரி அட்டையில் இசட், எச். போதாததற்கு அங்கே வெறும் இனிஷியல், இங்கே இனிஷியலை விரித்து அப்பா பெயரையே சேர்த்திருக்கிறார்கள். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இது ரண்டாளல்லே?" என்று கேட்டார். ழ என்கிற எழுத்து மலையாளத்திலும் உண்டு சேட்டா, உங்களுக்குத் தெரியாததா என்றேன். சிரித்தார். சிரித்துவிட்டுப் படிவத்தை என் பக்கம் தள்ளினார். இதை முதல் தடவையே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

எல்லைப்புறத்துப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: 'ஒன் அண்ட் சேம்' சான்றிதழ் என்று ஒன்று உண்டு. இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீசர் தருவது. கேரளத்தின் இ-சேவை மையமான அக்ஷயாவில் போய் விண்ணப்பிக்கலாம். சேர்க்கை நடக்கும்போதே ழ, ற, இனிஷியல் இடிக்கிற பிள்ளைகளைப் பிடித்து இதை வாங்க வைத்துவிடுங்கள். மீட் தேதி வந்த பிறகு ஓடினால் நாக்குத் தள்ளும். எங்களுக்குக் கடைசித் தேதிக்கு முந்தின நாள்தான் கைக்கு வந்தது. மூன்றாவது தடவை நான் போகவில்லை. அந்தப் பக்கம் வீட்டுக்குப் போகிற காமர்ஸ் டீச்சரிடம் கட்டைக் கொடுத்தனுப்பினேன். அன்றைக்கு மேஜையில் வேறு ஆளாம். ஒரு தாளைக்கூடத் திருப்பாமல் வாங்கி வைத்துக்கொண்டாராம்.

பயணம் நன்றாகத்தான் இருந்தது, ஒருவர் மட்டும் வாந்தி.

போய் இறங்கியதும் முதல் பஞ்சாயத்து ஊக்கு. ஓட்டக்காரருக்கு நெஞ்சில் ஒரு நம்பர், முதுகில் ஒரு நம்பர், நாலு மூலைக்கும் ஊக்கு, ஆக எட்டு. தாண்டுகிறவர்களுக்கு ஒன்று போதும். நம்பரைத் தருவார்கள், ஊக்கைத் தரமாட்டார்கள். நான் சேலை கட்டிப் போயிருந்ததால் நாலு ஊக்கு தேறியது. மீதிக்கு வெளியே ஓடினோம். மைதான வாசலில் ஒருவர் ஊக்கு மட்டுமே விற்றுக்கொண்டிருந்தார். எங்களை மாதிரி ஆட்களை நம்பித்தான் அவர் கடையே.

இனி அந்த 400 மீட்டர். கால் ரூம், அதாவது ஓட்டத்துக்கு முன்னால் ஆட்களைக் கூப்பிட்டுச் சரிபார்க்கிற இடம், ஓடுதளத்தில் இல்லை, பின்னால் வார்ம் அப் செய்கிற இடத்தையொட்டி ஒரு ஷெட். ஃபர்ஸ்ட் கால், செகண்ட் கால், ஃபைனல் கால் என்று மைக்கில் கூப்பிடுவார்கள். பையன் செகண்ட் காலுக்கே போய் நின்றுவிட்டான். அங்கே ஒருவர் அவன் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். எங்களுடையது மண் தரை. அதற்கு வாங்கின ஸ்பைக்ஸில் நீள ஊசி. சிந்தெடிக் டிராக்கில் ஊசி 9 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, உயரம் தாண்டுகிறவர்களுக்கும் ஈட்டி எறிகிறவர்களுக்கும் மட்டும் 12 வரை விடுவார்கள். "மாற்றிக்கொண்டு வா" என்று வெளியே அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, டிராக்கைக் கிழித்துவிடும்.

குட்டை ஊசி எங்களிடம் இருந்தது. அதைக் கழற்றி மாட்டுகிற சாவி வண்டியில் இருந்தது. வண்டியை டிரைவர் சாப்பிட எடுத்துப் போயிருந்தார்.

பக்கத்துக் கல்லூரி டீமிடம் சாவி கேட்டு வாங்கினோம். ஒரு ஷூவில் ஊசிகள் சுலபமாக வந்துவிட்டன. இன்னொன்றில் இரண்டு ஊசி மண்ணேறித் துருப்பிடித்து அசையவே இல்லை. குண்டு எறிகிற பையன் வந்து முறுக்கினான், அவனாலும் முடியவில்லை. ஃபைனல் கால் மைக்கில் கேட்கிறது. அப்போது இவன் சொன்னான்: "டீச்சர், நான் ஷூ இல்லாமயே ஓடறேன்."

நான் சொன்னேன்: "சும்மா இரு, அதெல்லாம் விடமாட்டாங்க."

கேட்டுப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு தடவை மேஜைக்கு முன்னால் நின்று வந்தவள் நான், எதையும் விடமாட்டார்கள் என்பது எனக்குள் ஊறிப்போயிருந்தது. அதற்குள் அவனுடைய ஹீட்டில், அவன் சுற்றில், ஓடுகிறவர்களை வரிசையாக உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள்.

ராத்திரி வீடு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ரிடையர்டு பி.டி. சாருக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஏம்மா, வெறுங்காலோட விட்டிருக்கலாமே. ரூல்லயே இருக்குது" என்றார். இருக்கிறது. நானும் தேடிப் பார்த்துவிட்டேன். வெறுங்காலோடு ஓடலாம், ஒரு காலுக்கு மட்டும் ஷூ போட்டும் ஓடலாம் என்றே போட்டிருக்கிறது. அவன் பிளஸ் டூ வரைக்கும் வெறுங்காலில் ஓடினவன். ஷூ வாங்கியே ஒரு வருஷம்தான் ஆகிறது.

இதைப் படிக்கிற யாராவது அடுத்த வருஷம் டீம் கூட்டிப் போவதாக இருந்தால், ஊசியை முந்தின நாளே மாற்றுங்கள், சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். விதிப் புத்தகத்தில் ஷூ பற்றிய பக்கத்தை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள். நான் படித்ததெல்லாம் படிவம்தான்.

நீளம் தாண்டுதல் அதற்குப் பிறகு. பாலக்காட்டுக் கணவாய் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது, நவம்பர் பிறந்துவிட்டால் கிழக்கிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வரும். எங்கள் மண் குழி மேற்கே இருக்கிறது. ஓடிவருகிற பிள்ளையைக் காற்றே தள்ளிக்கொண்டு வந்து போடும். விதிப்படி நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் பின்காற்று இருந்தால் அந்தத் தாண்டல் சாதனைக் கணக்கில் சேராது. எங்கள் ஊரில் அளந்தால் பாதி நாள் சேராது என்றுதான் நினைக்கிறேன். மீட் நடந்த மைதானத்திலோ இலை அசையவில்லை. எங்கள் பெண் அடி எண்ணி வைத்த அடையாளத்திலிருந்து ஓடி, பலகைக்கு ஒரு அடி முன்னாலேயே எழும்பிவிட்டாள். அடையாளத்தை ஒரு அடி முன்னே தள்ளச் சொன்னேன். இரண்டாவது தாண்டல் பவுல், கால் பலகையைத் தாண்டிவிட்டது, டிராக் அவளைத் தூக்கித் தூக்கி விடுகிறது. மூன்று தாண்டலில் முதல் எட்டுக்குள் வந்தால்தான் இன்னும் மூன்று கிடைக்கும். மூன்றாவதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவளே பாதியைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டாள். ஏழாவதாக உள்ளே நுழைந்து, கடைசித் தாண்டலில் மூன்றாவது இடம். நான் கத்தின கத்தில் பக்கத்தில் இருந்த மாஷ் (வாத்தியார்) ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ரிலேவும் நன்றாகப் போனது. பிவிசி பைப்பை அறுத்து அதையே கைமாற்றுகிற பேட்டனாக வைத்துப் பழகின பெண்கள், உண்மையான பேட்டனைக் கையில் வாங்கியதும் 'எடையே இல்லை டீச்சர்' என்றார்கள். பி.டி. சார் பழைய கணக்கில், 10 மீட்டர் ஓட்டம், அப்புறம் 20 மீட்டருக்குள் கைமாற்று என்று பழக்கியிருந்தார். 2017 கடைசியில் இரண்டையும் சேர்த்து 30 மீட்டராக்கிவிட்டார்கள். எங்களுக்கு அது லாபம்தான். மண்ணில் குதிகாலால் கோடு கிழித்து அடையாளம் வைப்பார்கள், சிந்தெடிக்கில் அது நடக்காது, சாக்பீஸும் கூடாது, ஒட்டுநாடாதான் ஒட்ட வேண்டும். முதலுதவிப் பெட்டியிலிருந்த வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டினோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது வந்தார்கள், பேட்டன் ஒரு தடவையும் விழவில்லை.

சாயங்காலம் சான்றிதழ் கொடுத்தார்கள். வண்டி பெட்ரோல் பங்கில் நின்றபோதுதான் அந்தப் பெண் தன்னுடையதைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். ழவுக்கு எல்லும் இல்லை, இசட் எச்சும் இல்லை, ஒய் போட்டிருக்கிறார்கள். வில்லேஜ் ஆபீசர் கொடுத்த தாளில் இந்த மூன்றாவது பெயர் கிடையாது.

வியாழக்கிழமை அதைத் திருத்தப் போகிறேன். வட்ட சீல், நீள சீல் இரண்டும் அடித்த கடிதம் பையில் இருக்கிறது. 400 மீட்டர் பையனும் கூட வருகிறேன் என்கிறான். ஆபீஸ் வேலை முடிகிற வரைக்கும் அந்த டிராக்கில் ஒரு சுற்று ஓடிப் பார்க்க வேண்டுமாம். ஷூ எடுத்து வரவில்லையாம்.