மிச்சிகனில் என்ஹான்ஸ்டு லைசென்ஸ் வாங்கிய அனுபவம்

டெட்ராய்ட் பக்கம் இருப்பவர்களுக்குக் கனடா பக்கத்து ஊர் மாதிரிதான். அம்பாஸடர் பாலத்தில் ஏறி இறங்கினால் விண்ட்ஸர். அங்கிருந்து 401 நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம் ஓட்டினால் ஸ்கார்பரோவில் அக்கா வீடு. 2009 ஜூனுக்கு முன்பெல்லாம் அமெரிக்கக் குடிமக்கள் தரைவழியாகத் திரும்பிவரப் பாஸ்போர்ட் கட்டாயமில்லை என்பார்கள். இப்போது பாஸ்போர்ட்டோ அதற்கு ஈடான அட்டையோ வேண்டும். அதனால் டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது, தரைவழி எல்லையில் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகக் காட்டக்கூடிய 'என்ஹான்ஸ்டு' லைசென்ஸாகவே கேட்டேன். கட்டணம் 45 டாலர்.

மிச்சிகன், நியூயார்க், வாஷிங்டன், மினசோட்டா, வெர்மான்ட் ஆகிய ஐந்து மாநிலங்களில்தான் இது உண்டு. அதுவும் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். வேடிக்கை என்னவென்றால், பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று இதைக் கேட்கிறோம், குடியுரிமைக்கு ஆதாரமாக முதலில் நீட்டுவது அந்தப் பாஸ்போர்ட்டைத்தான்.

நம் ஆட்களுக்குத் தலைவலி பெயரில்தான் வரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். கரன்ட் பில்லில் வெறும் இனிஷியல். கவுன்டரில் இருந்த அம்மணி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் எழுத்து எழுத்தாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, பில்லை மட்டும் என் பக்கம் தள்ளினார். முழுப் பெயர் இருந்த சம்பள ஸ்லிப் கையில் இருந்ததால் தப்பித்தேன். குடியுரிமைக்கான ஆதாரம் அசலாக இருக்க வேண்டும், வெறும் ஜெராக்ஸ் செல்லாது.

அட்டை தபாலில்தான் வரும். அதுவரை தரும் தாளை வைத்துக்கொண்டு எல்லை தாண்ட முடியாது. கனடாவுக்கு விமானத்தில் போகவும் இந்த லைசென்ஸ் உதவாது. உள்நாட்டு விமானத்துக்குச் செல்லும்.

அட்டைக்குள் ஒரு சிப் இருக்கிறது. அதில் இருப்பது ஓர் எண் மட்டும். நம் விவரமெல்லாம் அதிகாரியின் கணினியில் வரும். கூடவே தரும் உறையில் போட்டு வைத்தால் வேறு யாரும் தூரத்திலிருந்து படிக்க முடியாது. திரும்பி வரும்போது 'ரெடி லேன்' என்று தனி வரிசை. உறையிலிருந்து எடுத்து, ஜன்னல் பக்கம் ரீடருக்கு நேராகக் காட்டிவிட்டு மெதுவாக நகர்ந்தால், சாவடிக்குப் போவதற்குள் அதிகாரியின் திரையில் நம் படம் வந்திருக்கும். ஆனால் காரில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரிடமும் சிப் வைத்த அட்டை இருக்க வேண்டும்.

அம்மாவின் கிரீன் கார்டிலும் சிப் இருப்பதால் அவரும் அதே வரிசையில் வரலாம். கனடாவுக்குள் நுழைய மட்டும் அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும் வேண்டும். அதை எடுத்தாயிற்றா என்று கார் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.