லேகாக் போனோம்: 24 பவுண்டு டாக்ஸியும் தபால்தலை சைஸ் ஜன்னலும்

முதல்ல வயித்தெரிச்சல கொட்டிடுறேன். லேகாக்ங்கிறது இங்கிலாந்துல வில்ட்ஷையர் மாவட்டத்துல இருக்கிற ஒரு பழைய கிராமம். சிப்பன்ஹாம் ஸ்டேஷன்ல இருந்து ஒரு மூணு மைல்தான், பஸ்ல ஆளுக்கு 3 பவுண்டு. ஆப்ல "5 நிமிஷம்"னு காட்டின பஸ் கால் மணி நேரமா அதே அஞ்சு நிமிஷத்துல நின்னுச்சு, அப்புறம் லிஸ்ட்லயே காணோம். மழை வேற தூற ஆரம்பிச்சதால டாக்ஸில ஏறினோம், மீட்டர் போடலயேன்னு கேட்டதுக்கு அந்தாளு சிரிச்சாரு பாருங்க, அப்பவே இறங்கியிருக்கணும். 24 பவுண்டு! "ஏங்க, இந்தக் காசுக்கு ஒரு முழு வஞ்சிரம் வாங்கியிருக்கலாம்"னு வீட்டம்மா ஆரம்பிச்சவங்க சாயங்காலம் வரைக்கும் அந்த மீன விடல.

சரி, ஏன் போனோம்? எனக்கு பழைய ஊர் போட்டோ பைத்தியம் உண்டு. பிரான்சிஸ் ஃப்ரித்னு ஒருத்தர் 1860ல ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, பிரிட்டன்ல ஊர் ஊரா கேமராவோட ஆள அனுப்பி தெரு, சர்ச், பாலம்னு ஒண்ணு விடாம எடுத்து வித்தாங்க. அந்த மாதிரி வில்ட்ஷையர் போட்டோ கொஞ்சம் பிரிண்ட் போட்டு ஃபைல்ல வச்சிருந்தேன். அதே இடத்துல நின்னு அதே ஆங்கிள்ல இப்ப ஒண்ணு எடுக்கணும், அன்னைக்கு இன்னைக்குன்னு பக்கத்துல பக்கத்துல போடணும், அதுதான் பிளான்.

லேகாக்ல அந்த பிளான் ஊத்திக்கிச்சு, ஏன்னா அங்க "இன்னைக்கு"ன்னு ஒண்ணு இல்லவே இல்ல. மொத்தமே நாலு தெருதான், ஹை ஸ்ட்ரீட், வெஸ்ட் ஸ்ட்ரீட், சர்ச் ஸ்ட்ரீட், ஈஸ்ட் ஸ்ட்ரீட், ஒரு சதுரம். 1944ல மாடில்டா டால்பட் அம்மா கிராமத்தையும் அபேயையும் (பழைய மடம், குடும்பத்து வீடு) சேர்த்து, பழைய இடங்கள பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்டுங்கிற அமைப்புக்கு எழுதிக் குடுத்துட்டாங்க, அவங்க கரண்ட் கம்பி, டிவி ஆன்டெனா எதுவும் கண்ணுல படாம பாத்துக்கிறாங்க. மரச்சட்டம் போட்ட வீடு முன்னால தள்ளி சாஞ்சிருக்கு, போட்டோலயும் அதே சாய்வு. ஒத்து வராதது ரெண்டுதான். வரிசையா நிக்கிற கார்கள், அப்புறம் சுத்தம். பழைய போட்டோல தெருவெல்லாம் புழுதி, குதிரை வண்டி, கேமராவ முறைச்சுப் பார்த்துக்கிட்டு நிக்கிற பசங்க. இப்ப ஒரு கொடியில துணி காயறத கூட நான் பாக்கல. ஹாரி பாட்டர் ஷூட்டிங் நடந்த இடம்னு வந்த கூட்டம்தான் எங்க பாத்தாலும். நேரா சொல்றேன், ஊர் அழகுதான், ஆனா கொலு பொம்மை மாதிரி இருக்கு.

அபே டிக்கெட் விலையப் பாத்ததும் திரும்பிடலாமான்னு யோசிச்சேன், டாக்ஸிக்கு அழுததுக்கு இதையும் அழுதுடலாம்னு உள்ள போனோம். நல்ல வேளை போனோம்.

1232ல எலான்னு ஒரு சீமாட்டி கன்னியாஸ்திரிகளுக்காக ஆரம்பிச்ச மடம் இது. எட்டாம் ஹென்றி மடங்கள மூடினப்ப தனியார் கைக்குப் போய், கடைசியில டால்பட் குடும்பத்துக்கு வந்துச்சு. அந்தக் குடும்பத்து ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்டுக்கு படம் வரைய வராது! 1833ல இத்தாலியில கோமோ ஏரிக்கரையில உக்காந்து வரைஞ்சு பாத்து கடுப்பாகி, வெளிச்சமே பேப்பர்ல படத்த வரைஞ்சுக்கிட்டா என்னன்னு யோசிச்சிருக்காரு. பேப்பர உப்புத் தண்ணியில முக்கி வெள்ளி நைட்ரேட் தடவி, சின்னச் சின்ன மரப்பெட்டி கேமராவுக்குள்ள வச்சு வீட்டச் சுத்தி அங்கங்க வச்சுட்டுப் போயிடுவாராம். பொண்டாட்டி கான்ஸ்டன்ஸ் அதுக்கு வச்ச பேரு எலிப்பொறி. (நம்ம வீட்ல என் ட்ரைபாடுக்கு இருக்கிற பேர இங்க எழுத முடியாது.)

அந்த எலிப்பொறி ஒண்ணுல 1835 ஆகஸ்ட்ல விழுந்ததுதான் தெற்கு கேலரி ஜன்னல். இன்னைக்கு வரைக்கும் மிஞ்சியிருக்கிற கேமரா நெகட்டிவ்லயே பழசு அதுதான்னு சொல்றாங்க, சைஸ் தபால்தலை அளவு. ஒரிஜினல் இங்க இல்ல, சயின்ஸ் மியூசியம் சேகரிப்புல இருக்கு. ஆனா ஜன்னல் இங்கயே இருக்கே! ஈயப்பட்டி வச்சு டைமண்ட் டைமண்டா கண்ணாடித் துண்டு. எடுத்த புதுசுல லென்ஸ் வச்சுப் பாத்தா கிட்டத்தட்ட 200 துண்டையும் எண்ணிடலாம்னு டால்பட் அந்த நெகட்டிவ் பக்கத்துலயே எழுதி வச்சிருக்காரு. நானும் எண்ண ஆரம்பிச்சேன், எழுபத்தி சொச்சத்துல ஒரு வாண்டு காலுக்குள்ள பூந்து ஓட கணக்கு போச்சு.

அங்க நிக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது மதுரைதான். 1858ல மெட்ராஸ் பிரசிடென்சிக்காக லினேயஸ் ட்ரைப்னு ஒரு போட்டோகிராபர் மதுரை, தஞ்சாவூர் கோயில்கள எடுத்தாரே, அதுவும் பேப்பர் நெகட்டிவ்தான். இந்த எலிப்பொறி வம்சத்துல வந்த சரக்கு நம்ம கோபுரம் வரைக்கும் போயிருக்கு. அந்தப் போட்டோக்கள பாத்துதான் எனக்கு இந்தப் பைத்தியமே பிடிச்சது.

சாப்பாடு: லார்டி கேக். ரொட்டி மாவுல பன்னிக்கொழுப்பு, சர்க்கரை, உலர்திராட்சை மடிச்சு மடிச்சு வச்சு சுடறது, வில்ட்ஷையர் சரக்கு. அடியில சர்க்கரை கருகி பாகு மாதிரி ஒட்டியிருக்கும், விரல நக்காம எந்திரிக்க முடியாது. வீட்டம்மா கொழுப்புன்னு கேட்டதும் வேணாம்னுட்டு டப்பாவுல கொண்டு வந்த எலுமிச்சை சாதம் சாப்பிட்டாங்க, பாதி எனக்கும் வந்துச்சு, ஆக செலவு கொஞ்சம் கட்டுப்பட்டுச்சு.

எப்படிப் போறது, என்ன டைம்னு எல்லாம் எழுதறதாதான் இருந்தேன். பஸ்ல போங்க, அவ்வளவுதான். திரும்பும்போது கரெக்டா வந்துச்சு, 3 பவுண்டு.

ராத்திரி போட்டோவ பெரிசு பண்ணிப் பாத்தேன். ஜன்னலுக்கு எதிர்ல நின்னு நான் எடுத்த பன்னெண்டு போட்டோலயும் வெளிச்சம் அடிச்சு கண்ணாடியெல்லாம் வெள்ளையா ஒரே தீத்தலா இருக்கு, ஒரு துண்டு கூட தெரியல. ஃபோன் விலை என்னன்னு வீட்டம்மா கேட்டாங்க, சொல்லல.