அண்ணியின் படங்களும் 1001-ம் எண்ணும்

மே 17, 2025, சனி

அழகரை மதுரைக்காரர்கள் வரவேற்கும் எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் அண்ணி எடுத்த படங்கள் வீட்டு சர்வரில் பத்திரமாக இருக்கின்றன, ஆனால் அண்ணியாலேயே அதைத் திறக்க முடியவில்லை. இந்த வாரம் கரண்ட் போய்ப் போய் வந்ததில் சிஸ்டம் இருந்த சின்ன எஸ்எஸ்டி செத்துவிட்டது. புதியதில் டெபியன் லினக்ஸ் ஏற்றி, வீட்டு நெட்வொர்க்கில் ஃபோல்டர்களைப் பகிரும் சாம்பா போட்டு, படங்கள் இருக்கும் பழைய டிஸ்கை அப்படியே மாட்டியாயிற்று.

முதலில் பாஸ்வேர்டைத்தான் சந்தேகப்பட்டேன், ஏனென்றால் சாம்பா லினக்ஸ் பாஸ்வேர்டைப் பார்க்காது, தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதிலும் எல்லோரையும் சேர்த்தாகிவிட்டது. லாகின் ஆகிறது, ஷேர் தெரிகிறது, ஃபோல்டருக்குள் போனால் மட்டும் அனுமதி இல்லை. அப்படியென்றால் கோளாறு அடியில், லினக்ஸ் பர்மிஷனில்.

நண்பனைக் கேட்டால் "எல்லாத்துக்கும் 777 போட்டு விடுடா" என்கிறான். அந்த மூன்று இலக்கங்கள் முறையே உரிமையாளர், குரூப், மற்றவர்களுக்கான உரிமை: படிக்க 4, எழுத 2, இயக்க (ஃபோல்டரானால் உள்ளே நுழைய) 1, மூன்றும் சேர்ந்தால் 7. அதாவது 777 என்றால் எல்லோருக்கும் எல்லா உரிமையும். இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அப்பாவின் பத்திர நகல்களும் அதே டிஸ்கில்தான் இருக்கின்றன, அந்த மெஷினில் ஓடும் எந்த புரோகிராமும் அவற்றைத் திருத்தலாம், அழிக்கலாம் என்றாகிவிடும். அதோடு, இன்று 777 போட்டாலும் நாளை உருவாகும் ஃபைலுக்கு அது பொருந்தாது.

மே 18, ஞாயிறு

பிடிபட்டது! உரிமையாளர் பெயருக்குப் பதில் எண்ணைக் காட்டச் சொல்லி, ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளையை ஓட்டியதும் எல்லாம் விளங்கியது. ஃபைலின் மேல் லினக்ஸ் பெயரை எழுதி வைப்பதில்லை, எண்ணைத்தான் எழுதுகிறது. பழைய சிஸ்டத்தில் நான் 1000, அண்ணி 1001, அண்ணன் 1002. இந்தத் தடவை நிறுவும்போது நிர்வாகத்துக்கென்று தனிக் கணக்கு வைத்தோம், முதல் எண்ணான 1000 அதற்குப் போய்விட்டது. நான் 1001, அண்ணி 1002, அண்ணன் 1003 என்று ஆளுக்கு ஒன்று தள்ளிவிட்டது. ஆகவே அண்ணியின் படங்களுக்கெல்லாம் இப்போது நான் சொந்தக்காரன், அவர் ஃபோல்டரோ 700, உரிமையாளர் தவிர யாரும் நுழைய முடியாது.

திருத்துவதில் வரிசை முக்கியம். உரிமையாளரை மாற்றும் சௌன் (chown) கட்டளையில் "இந்த எண்ணுக்குச் சொந்தமானதை மட்டும் மாற்று" என்று சொல்ல வழி இருக்கிறது. ஆனால் 1000-ஐ முதலில் 1001 ஆக்கினால் என் ஃபைல்களும் அண்ணியின் ஃபைல்களும் ஒரே எண்ணில் கலந்துவிடும், பிறகு எது யாருடையது என்று பிரிக்கவே முடியாது. அதனால் கடைசியிலிருந்து வரவேண்டும்: 1002-ஐ 1003 ஆக்கி, 1001-ஐ 1002 ஆக்கி, அப்புறம்தான் 1000-ஐ 1001. குரூப் எண்களுக்கும் இதே வரிசைதான். பெரிய டிஸ்க், பொறுமையாக ஓட விட்டேன்.

சாயங்காலம் அண்ணி "தம்பி, தீவட்டி படம் வந்துருச்சு!" என்று மாடியிலிருந்து சத்தம் போட்டார். அந்தக் குரலைக் கேட்க ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தது தகும்.

மே 19, திங்கள்

இன்னொன்று கிளம்பியது. எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டரில் அண்ணி புதிதாகப் போட்ட படத்தை அண்ணனால் பார்க்க முடிகிறது, திருத்திச் சேமிக்க முடியவில்லை. சாம்பாவில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் புதிய ஃபைலுக்கு அதிகபட்ச உரிமை 0744, ஃபோல்டருக்கு 0755. குரூப்புக்கு எழுதும் உரிமை அதில் கிடையாது.

மூவரையும் ஒரே குரூப்பில் சேர்த்து, பொது ஃபோல்டர்களுக்கு 2775 கொடுத்தேன். முன்னால் நிற்கும் 2 இருந்தால் உள்ளே உருவாகும் எதுவும் அந்தக் குரூப்பின் பெயரிலேயே பிறக்கும். சாம்பா அமைப்பில் ஃபைலுக்கு 0664, ஃபோல்டருக்கு 2775 என்று எழுதி, அமைப்பைச் சரிபார்க்கும் டெஸ்ட்பார்ம் (testparm) ஓட்டி, பிழை இல்லை என்று பார்த்த பிறகுதான் மறுபடி துவக்கினேன். ஏற்கெனவே இருந்த ஃபைல்களுக்கு 664. ஃபைலையும் ஃபோல்டரையும் தனித்தனியாகத் தேடி மாற்ற வேண்டும். ஃபோல்டருக்கும் 664 விழுந்தால் உள்ளே நுழையும் உரிமையே போய்விடும்.

அண்ணன் லேப்டாப்பில் மட்டும் அதற்குப் பிறகும் பழைய தகராறு. விண்டோஸ் அண்ணியின் லாகினைப் பிடித்து வைத்திருந்தது, அதை நீக்கியதும் சரி.

மே 21, புதன்

திருமங்கலம் அத்தை வீட்டில் வைக்கும் பேக்கப் டிஸ்க் எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற வடிவத்தில் இருந்தது. அந்த வடிவம் உரிமையாளர், பர்மிஷன் எதையும் பதிந்து வைக்காது. இன்று அதை, இவற்றைப் பதிந்து வைக்கும் லினக்ஸ் வடிவமான எக்ஸ்ட்4-க்கு (ext4) மாற்றினேன். நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) புரோகிராம் எண்களை அப்படியே கொண்டுபோகும்படி அமைத்து, யாருக்கு எந்த எண் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைலும் அதிலேயே போட்டாயிற்று. முதல் நகல் ஓடிக்கொண்டிருக்கிறது.