பாஸ்வேர்டில் கோளாறே இல்லை

மூன்று நாள், ஈப்போவுக்கு ஒரு வெட்டிப் பயணம், கடைக்காரருக்கு முப்பது வெள்ளி (ரிங்கிட்). மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டக் கோவில் கணினியில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் போட்டு, கோவிலின் சொந்த டொமைன் (இணையப் பெயர்) மின்னஞ்சலை இணைக்க இவ்வளவு ஆனது.

முதலில் சான்றிதழ் எச்சரிக்கை: மெயில் சர்வர் தன் அடையாளமாகக் காட்டும் சான்றிதழை நம்ப முடியவில்லை என்று. பழைய கணினி, மதர்போர்டு பேட்டரி செத்துப்போய், சுவிட்சை அணைத்துப் போட்டாலே தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும். அந்தத் தேதியில் சர்வரின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, பின்னே எப்படி நம்பும்? வாட்ச் கடையில் கிடைக்கும் சிஆர்2032 வட்ட பேட்டரியை மாற்றினோம். அப்படியும் எச்சரிக்கை போகவில்லை. சர்வர் பெயராக நாங்கள் போட்டது கோவில் டொமைன். சான்றிதழ் இருந்ததோ, கோவில் மெயிலையும் இணையத்தளத்தையும் தங்கள் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங்காரர்களின் சர்வர் பெயரில். எச்சரிக்கைப் பெட்டியிலேயே சான்றிதழைத் திறந்தால் பெயர் தெரியும். கணக்கு வாங்கியபோது அவர்கள் அனுப்பிய கடிதத்தோடு ஒத்துப் பார்த்து, அந்தப் பெயரைப் போடுங்கள். ‘பரவாயில்லை, தொடரு’ என்று அழுத்திப் பழகாதீர்கள்.

மெயில் வருவதற்கு ஐமேப் முறை, போர்ட் (சர்வரின் வாசல் எண்) 993, எஸ்எஸ்எல் பாதுகாப்பு. உடனே வந்தது.

போவதுதான் போகவில்லை. கமிட்டியின் பழைய தாளில் போர்ட் 25 என்று இருந்தது. ஸ்பேம் தொல்லையால் இணையச் சேவைக்காரர்கள் பலர் அதை அடைத்துவிடுகிறார்கள். அதற்குப் பதில் போர்ட் 587 என்றால் பாதுகாப்பு முறை ஸ்டார்ட்டிஎல்எஸ், 465 என்றால் எஸ்எஸ்எல். ஜோடி மாறினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். யூசர்நேமில் முழு முகவரியும் வேண்டும்.

இதற்கு நடுவில் ஹோஸ்டிங்காரர்களின் ஹெல்ப்டெஸ்கைக் கூப்பிட்டதுதான் தப்பு. என்ன கேட்டாலும் “பாஸ்வேர்டை மாத்திப் பாருங்க சார்.” பிரவுசரில் பார்க்கும் வெப்மெயிலில் அதே பாஸ்வேர்ட் திறக்கிறது என்றால் பாஸ்வேர்ட் சரி என்று அர்த்தம். அதைச் சொல்லியும் கேட்கவில்லை. மாற்றினோம். ஒரு மணி நேரத்தில் எல்லாமே ‘டைம் அவுட்’. வெப்மெயில் இல்லை, கோவில் இணையத்தளமும் திறக்கவில்லை.

கணினியைத் தூக்கிக்கொண்டு ஈப்போ கடைக்குப் போனால், அங்கே ஜம்மென்று வேலை செய்கிறது! திரும்பி வந்து மாட்டினால் மறுபடி டைம் அவுட். அப்போதுதான் பொறி தட்டியது: கணினி அதேதான், மாறியது இணைய லைன். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் போட்டேன், திறந்தது. இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் பெட்ரோலும் முப்பது வெள்ளியும் மிச்சம்.

நடந்தது இதுதான். கோவில் வைஃபையில் இருந்த செயலாளர், பொருளாளர் கைப்பேசிகளில் பழைய பாஸ்வேர்ட். சில நிமிடத்துக்கு ஒரு தடவை அவை சர்வர் கதவைத் தட்ட, யாரோ உடைத்து நுழையப் பார்க்கிறார்கள் என்று சர்வர் எங்கள் லைனின் ஐபியையே (இணைய முகவரி எண்) தடுத்துவிட்டது. தவறான பாஸ்வேர்ட் என்றால், மெயில் அனுப்பும்போது சர்வர் 535 என்று பதில் சொல்லி மறுக்கும். டைம் அவுட் என்றால் பதிலே வரவில்லை. அங்கே பாஸ்வேர்டை நோண்டிப் பிரயோஜனம் இல்லை.

முதலில் எல்லாக் கருவியிலும் புது பாஸ்வேர்டைப் போடுங்கள். பிறகு கோவில் லைனில் ‘என் ஐபி என்ன’ என்று தேடி, வரும் எண்ணை வேறு மின்னஞ்சல் முகவரியிலிருந்து ஹோஸ்டிங்காரர்களுக்கு அனுப்பித் தடையை நீக்கச் சொல்லுங்கள். வரிசை மாறினால் நீக்கிய தடை திரும்ப விழும்.

வரிசைப்படிதான் செய்தோம், அப்படியும் மறுநாள் விழுந்தது. “தம்பி, என் போன்ல சத்தியமா மாத்திட்டேன்” என்றார் பொருளாளர் அண்ணன். உண்மைதான். குற்றவாளி, சாயங்காலம் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டுப் போட மேசை லாச்சிக்குள் சார்ஜில் கிடந்த பழைய டேப்லெட். எந்தக் காலத்திலோ அதிலும் கோவில் மெயிலைச் சேர்த்திருக்கிறார்கள். கணக்கை அதிலிருந்து எடுத்த பிறகு தடை வரவில்லை. பாட்டு வழக்கம்போல் ஓடுகிறது.